மழை என்று ஒதுக்கிய கட்டங்கள்

படம் ரொம்ப அழகாக இருந்தது. வினையே அதுதான்.

அடையாறில் கடல் ஆய்வு நிலையத்தின் மாடியறையில், ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு, சாருலதா தான் போட்ட படத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அவசர அவசரமாக அச்செடுத்துக் கணவன் ஸ்ரீஹரியின் கையில் கொடுத்தனுப்பிய அதே படம்தான். வங்கக் கடல் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்து, கட்டத்துக்குக் கட்டம் காற்றின் வேகத்துக்கு ஏற்ற வண்ணம். ஒரு கட்டம் என்றால் லேசுப்பட்டதில்லை, எண்ணூரிலிருந்து தாம்பரம் வரை மொத்தச் சென்னையும் அதில் அடங்கிவிடும். நகரத்துக்குத் தென்கிழக்கே பச்சையாக ஒரு வளையம், அது மிதமான காற்று. வளையத்துக்கு நடுவில் பளிச்சென்று அடர்நீலம், அது அமைதி. ஓட்டை ஒடிசல் எதுவும் இல்லை.

ஐப்பசி மாதத்தில் ஓட்டையே இல்லாத படமா?

காபித் தம்ளரை எங்கே வைத்தோம் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அவளுடைய தொழிலைக் கேட்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. செயற்கைக்கோள் காற்றைப் பார்ப்பதில்லை, கடலைத்தான் பார்க்கிறது. கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிற வங்கக் கடல், மைக்ரோவேவ் என்கிற நுண்ணலையில் பார்த்தால் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்து தெரியும். காற்றில்லாமல் கண்ணாடி போலக் கிடக்கும் தண்ணீர் தன் நுண்ணலைகளை அவ்வளவாக வெளியே விடாது, கருமிதான். காற்று வந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் கொஞ்சம் சூடாகத் தெரிய ஆரம்பிக்கும். அலை உடைந்து நுரை கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம், அந்த இடம் விளக்கேற்றியது போலப் பிரகாசமாகிவிடும். எவ்வளவு சூடு தெரிகிறது என்று பார்த்து எவ்வளவு காற்று அடிக்கிறது என்று கணக்குப் போடுவது சாருலதாவின் வேலை.

தொல்லை மழையால்தான். மழைத்துளியும் அதே போலப் பிரகாசமாகத் தெரியும். இது நுரையா மழையா என்று சந்தேகம் வருகிற கட்டங்களைப் புரோகிராம் கணக்கிலேயே சேர்க்காமல் ஒதுக்கிவிடும். படத்தில் அவை கறுப்பு ஓட்டைகளாக விழும். ஐப்பசி, கார்த்திகையில் படம் முழுக்க ஓட்டையாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும்.

போன மாதம் டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். நிலையத் தலைவர் சுப்பராமன் அவள் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ன சாரு, மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு மாதிரின்னா இருக்கு! வர்றவா என்ன நினைச்சுப்பா? அழகா ரொப்பிக் குடேன்." அவளும் ரொப்பிக் கொடுத்தாள். ஓட்டை விழுந்த இடத்தில் அந்த மாதத்துக்கு வழக்கமான சராசரிக் காற்றைப் போட்டுவிடு என்று புரோகிராமில் நாலு வரி, அவ்வளவுதான். வந்தவர்கள் கை தட்டினார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் கட்டிய தோரணத்தை மறுநாளே பிரித்தாயிற்று. அந்த நாலு வரியைப் பிரிக்க அவள் மறந்துவிட்டாள்.

இப்போது பிரித்தாள். புரோகிராமை மறுபடி ஓட்டினாள். அடர்நீலம் இருந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்பு ஓட்டை வந்தது. மழையை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் கடலின் மேற்பரப்பு வரை பார்க்கக்கூடிய, அலைநீளம் கூடிய நுண்ணலை ஒன்று உண்டு, அதன் எண்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாள். கட்டங்கள் கொதித்தன. அது வெறும் மழையாக இருக்க முடியாது. மழைக்கு அடியில் கடல் முழுக்க நுரையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. தாழ்வுநிலை என்று நேற்று பேசிக்கொண்டது ஒரே இரவில் புயலாகத் திரண்டுவிட்டது. அதன் நடுவயிற்றுக்கு அவள் நீல வண்ணம் பூசிக் கணவனிடம் கொடுத்திருக்கிறாள்.

அதுவும் எப்படிக் கொடுத்தாள்! ஸ்ரீஹரியும் அதே நிலையத்தில்தான் பொறியாளர். செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில் வாடகைப் போட்டில் கடலுக்குள் போய், கொம்பில் கட்டிய கருவியால் உண்மையான காற்றை அளந்து வருவான். அவள் கணக்கு சரியா தப்பா என்று கடலிடமே கேட்டு வருகிற வேலை. கிளம்புகிற காலையெல்லாம், ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்பான்.

"கடல் ஜில்லுன்னு இருக்கா சாரு?"

"நடுவுல ஜில்லுன்னு இருக்கு. போயிட்டு வா."

"நீ சொன்னா சரி."

இன்றைக்கும் அதையேதான் சொன்னான்.

கடலோரக் காவல்படை அலுவலகத்துக்குச் சாருலதா போன் போட்டாள். எடுத்தவர் பொறுமையான மனிதர். "மேடம், உங்க படம் காலையில ஃபேக்ஸ்ல வந்துச்சே. என் மேஜை மேலதான் இருக்கு. அமைதின்னுதானே போட்டிருக்கீங்க?"

"அது தப்பு சார்."

"யாரு பண்ண தப்பு?"

"நான்தான். நான் பண்ண தப்பு."

பக்கத்தில் நின்ற சுப்பராமன் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை அவர், அழகு பார்த்த மனிதர், அவ்வளவுதான். போனில் இருந்தவர் உடனே எச்சரிக்கை கொடுப்பதாகச் சொன்னார். அப்புறம் தயங்கிக் கேட்டார். "ஏற்கெனவே போன போட்டுக்கு எப்படி மேடம் சொல்றது? அதுல வயர்லெஸ் இருக்கா?"

இல்லை. காசிமேட்டுப் போட்டில் வயர்லெஸுக்கு எங்கே போவது? ஸ்ரீஹரியிடம் இருந்தது ஒரே ஒரு ஹாம் ரேடியோ, பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. அதில் அவன் பேசுகிற ஆள் சென்னையில் ஒருவர்தான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவனுடைய அண்ணன் கருணாகரன்.

சாருலதாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் ஸ்ரீஹரிக்குச் சோறு தண்ணீர் கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம், மயிலாப்பூர்ப் பெண்ணை மருமகளாக ஏற்க அவர்களுக்கும் மனமில்லை, அவளைப் பெற்றவர்களுக்கும் மனமில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை நின்றது. ஆனால் சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிய ரேடியோ மட்டும் நிற்கவில்லை. கடலுக்குப் போகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஸ்ரீஹரி கூப்பிடுவான். கடை மாடியில் கருணாகரன் காத்திருப்பார். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் ரேடியோவில் மட்டும் அண்ணன் தம்பி. சாருலதாவுக்கு அது தெரியும், தெரியாதது போல இருந்துவிடுவாள்.

கடைக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினாள். தீபாவளிக்கு முந்தின வாரம். பனகல் பூங்காவைத் தாண்டியதும் வண்டி நின்றது நின்றதுதான். மழை வேறு பிடித்துக்கொண்டது. துணிப்பைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனம் சாலையை அடைத்துக்கொண்டு போனது.

"இன்னா மா, இம்மாஞ் சனம் கீது, வண்டி எங்க போவும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஓரமா விடுங்கோ, நான் ஓடறேன்."

"மய பேயுதும்மா!"

அவள் ஓடினாள். ரங்கநாதன் தெருவில் தீபாவளி வாரத்தில் யாராவது ஓடிப் பார்த்திருக்கிறார்களா? இடித்தாள், வசவு வாங்கினாள். ஒரு கடை வாசலில் ஒலிபெருக்கி புடவை விலையைக் கத்திக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கும் இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

கல்லாவில் கருணாகரன் இருந்தார். அவரை அவள் தூரத்திலிருந்து இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. இதுவரை கூப்பிட்டதே இல்லை.

"அண்ணா," என்றாள். "ஹரி கூப்பிட்டாரா?"

சொட்டச் சொட்ட நனைந்து நின்றவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரிந்தது. முகம் இறுகியது. "கடையில இவ்வளவு கூட்டத்துல எங்கம்மா மேல போக? இன்னும் போகல. என்ன விஷயம்?"

"தப்பான படத்தைக் குடுத்து அனுப்பிச்சுட்டேன். அவர் புயலுக்குள்ள போயிண்டிருக்கார்."

தீபாவளிக் கூட்டத்தில் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதர் எழுந்தார். சாவியைக்கூட எடுக்கவில்லை.

மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரு சின்ன அறை. வெளியே உயரமான கம்பத்தில் ஏரியல் காற்றில் ஊசலாடியது. கருணாகரன் ரேடியோவைப் போட்டதும் இரைச்சலுக்கு நடுவில் ஸ்ரீஹரியின் குரல் வந்தது. எத்தனை தடவை கூப்பிட்டானோ, தொண்டை கம்மியிருந்தது.

"அண்ணே, கேக்குதா? காத்து வலுத்துட்டு. ஆனா பயமில்ல. இது வெளி வளையம்தான், சாரு படத்துல அப்படித்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் உள்ள போனா அமைதியான இடம். கரைக்குத் திரும்புறதைவிட அது பக்கம். அங்க போய் நின்னுக்கிடுவோம். பின்னால இன்னும் நாலு போட்டு வருது. நாங்க போனா இவங்களும் நம்பி வருவாங்கல்லா? சாருவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிருங்க, பயந்துருவா."

"ஹரி! போகாதே! அங்க ஒண்ணுமே இல்ல!" சாருலதா மைக்கைப் பிடுங்கிக் கத்தினாள். கருணாகரன் அவள் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தினார், அவள் மறுபடி கத்தினாள். ரேடியோவின் சின்ன விளக்கு மினுக்கி மங்கியது.

"அண்ணே, கேக்குதா?" என்றான் ஸ்ரீஹரி மறுபடியும்.

கருணாகரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கரண்ட் போயிட்டு. பேட்டரி கிழடு. அவன் பேசுதது நமக்குக் கேக்கும், நாம பேசுதது அவனுக்கு எட்டாது. இரு, வேன் பேட்டரியைக் கழட்டிட்டு வாரேன்." அந்தக் கனத்த உடம்போடு படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார்.

அவள் தனியாக நின்றாள். அவள் இருப்பது தெரியாமலே அவள் கணவன் பேசிக்கொண்டிருந்தான். போட்டை ஓட்டுகிற வேலுவுக்கு வாந்தி என்றான். அலை கொம்புக்கு மேல் வருகிறது என்றான். "ஆனா சாரு கணக்கு தப்பாது அண்ணே" என்றான். அவள் ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேண்டாம், வேண்டாம் என்று அழுதாள். அவன் நம்பிக்கை அவளை அடித்துத் துவைத்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சந்தேகப்பட்டுத் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்!

கருணாகரன் பேட்டரியைத் தோளில் தூக்கி வந்து மாட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஹரி, நான் சாரு பேசறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, "சாருவா? நீ அண்ணன் கடையிலயா இருக்க?" அத்தனை காற்றிலும் அந்தக் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"படம் பொய், ஹரி. நடுவுல இருக்கற நீலம் கடல் இல்ல, நான் ரொப்பினது. மழைன்னு ஒதுக்கின கட்டங்கள் அது எல்லாம். அங்க இருக்கறதுதான் புயல்."

"சரி. எந்தப் பக்கம் திரும்பட்டும்?"

திட்டவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. மறுபடியும் அவளிடமே வழி கேட்டான். சாருலதாவுக்குத் தெரிந்தது காற்றின் வேகம் மட்டும். எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று நுரை சொல்வதில்லை.

"காத்து எங்கேர்ந்து வர்றது?"

"வடகிழக்குலேர்ந்து."

அவள் அறையின் நடுவில், அவன் போட்டில் நிற்பது போலவே, வடகிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். காற்றுக்கு முதுகு காட்டினால் இந்தப் பக்கத்துக் கடல்களில் புயலின் மையம் இடது கைப் பக்கம் இருக்கும். இடது கையை நீட்டினாள். தென்கிழக்கு. கறுப்பு ஓட்டை இருந்த அதே இடம். வடமேற்கே துறைமுகத்துக்குத் திரும்பினால் அலை பக்கவாட்டில் அடித்துப் போட்டைக் கவிழ்த்துவிடும்.

"துறைமுகத்தை மறந்துடு. காத்துக்கு முதுகைக் காட்டி நேரா தென்மேற்கே விடு. கோவளம் பக்கம் எங்கேயாவது மணல்ல ஏத்திடு. போட் உடைஞ்சா உடையட்டும்."

"நீ சொன்னா சரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் யார் யாருக்கோ கத்துவது கேட்டது. நெடுநேரம் கழித்து மறுபடி வந்தான். "மூணு போட்டைத் திருப்பியாச்சு. ஒண்ணு முன்னால போயிருச்சு சாரு. வேலுவோட மச்சான் போட்டு. அதைப் போய்த் திருப்பிட்டு வந்துடறோம்."

"வேண்டாம்!"

"சாரு—"

"வேண்டாம் ஹரி, உன் காலைப் பிடிச்சுக்கறேன். நீ வந்துடு."

"அவங்க நம்ம படத்தைப் பார்த்துதான் போயிருக்காங்க. நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல போய் யாரு நிக்கறது? நீயா, நானா?"

கருணாகரன் மைக்கை வாங்கினார். "எல ஹரி, அண்ணன் பேசுதேன். சொன்னாக் கேளு. திரும்பி வந்துரு. வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்கல!"

இரைச்சல்தான் வந்தது. அதற்கு மேல் எவ்வளவு கூப்பிட்டும் இரைச்சல்தான்.

அந்த மாலை முழுவதும் சாருலதா ஒரே ஒரு வேண்டுதலைத்தான் வேண்டினாள், அதுவும் வெட்கமில்லாமல் வேண்டினாள். அந்தப் போட் போனால் போகட்டும், அதில் இருக்கிறவர்கள் போனால் போகட்டும், இவன் மட்டும் வந்துவிடட்டும். கபாலீசுவரரைக் கூப்பிட்டாள், சாந்தோம் மாதாவைக் கூப்பிட்டாள். இப்படி வேண்டுகிறவளுக்கு யார் இரங்குவார்கள் என்றும் தோன்றியது. தோன்றியும் நிறுத்தவில்லை.

விடியும்போது கருணாகரனின் வேன் கோவளத்தில் நின்றது. புயல் வடக்கே ஏறிப் போய்விட்டது. மூன்று போட்டுகள் முன்தினமே மணலில் ஏறிச் சாய்ந்து கிடந்தன. ஆட்கள் பிழைத்திருந்தார்கள். வெளிச்சம் வந்த பிறகு நான்காவதாக ஒரு போட் மூக்கு உடைந்து வந்து கரை தட்டியது. சாருலதா முழங்கால் தண்ணீரில் ஓடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஸ்ரீஹரி இல்லை. வேலு இல்லை.

அது வேலுவின் மச்சான் போட்.

இறங்கிய மச்சான் குளிரில் பல் கிட்டிப் பேசினான். "நாங்க உள்ள போய்க்கினே இருந்தோம்மா. சார் போட்டுதான் குறுக்க வந்து மறிச்சிச்சி. பக்கத்துல வந்து கையால திசை காட்டி, அப்டியே போன்னாரு. நாங்க திரும்பிட்டோம். எங்க பின்னாலதான் வந்துக்கினு இருந்தாங்க. அப்பால ஒரு பெரிய அலை வந்துச்சி. அதுக்கப்புறம் திரும்பிப் பாத்தா..."

"ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"பயமா கீது சார், கரை வருமான்னு கத்தினேன். 'வீட்ல சொல்லியிருக்காங்க, கண்டிப்பா வரும்'னாரு."

வந்தது. அவள் சொன்ன கரை சொன்ன இடத்திலேயே வந்தது. இந்த முறை கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கெட்டிய மட்டும் நுரையாக இருந்தது. மேலே இப்போது அந்தச் செயற்கைக்கோள் கடந்து போனால் இந்தக் கடல் அதற்குப் பிரகாசமாகத் தெரியும். ஒரு கட்டத்தில் ஒரு நகரமே அடங்குகிறபோது இரண்டு பேர் எங்கே தெரியப் போகிறார்கள்?

பின்னால் வேனின் கதவு திறந்திருந்தது. மாடியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ரேடியோவைப் பேட்டரியில் மாட்டி, கருணாகரன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எல ஹரி, அண்ணன் பேசுதேன். கேக்கா? சாரு இங்க எங்கூடத்தான் இருக்கா. கேக்கால?"

போதும் நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை.